சுவருக்கு வெளியே கேட்ட சிரிப்பு: புதுச்சேரியில் எட்டு ஞாயிறு அரபு நாடக வகுப்பு

புதுச்சேரி காஜியார் தெருவில் ஒரு பழைய வீட்டு மாடியில் அரபு நாடக வரலாறு பற்றி எட்டு வாரம் வகுப்பு நடத்துகிறார்கள். ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை. கட்டணம் 2,000 ரூபாய், நடுவில் தரும் தேநீரும் சமோசாவும் அதில் அடக்கம். சேர்ந்தவர்கள் என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். நான் கடலூர் முதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்து எட்டு வாரமும் ஒன்று விடாமல் உட்கார்ந்தேன். அடுத்த முறை சேரலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குவைத்தில் வீட்டு டிரைவராக இருந்தவன் நான். 1987-ல் போனேன். 1990 ஆகஸ்டில் இராக் படை உள்ளே வந்தபோது அம்மான் வழியாக விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். 1992-ல் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய் 2011 வரை இருந்தேன். அந்த ஊரில் பெருநாள் என்றால் நாடகமும் சேர்ந்ததுதான். காலையில் தொழுகை, பெரியவர்கள் வீட்டில் சாப்பாடு, பிள்ளைகள் கையில் ஈதிய்யா காசு, ராத்திரி குடும்பத்தோடு நாடகம். நான் அவர்களை அரங்க வாசலில் இறக்கிவிட்டு வண்டியை ஓரமாகப் போட்டுக் காத்திருப்பேன். பக்கத்தில் மலையாளி, பாகிஸ்தானி, சிலோன் டிரைவர்கள். மூன்று மணி நேரம் போகும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று சிரிப்புச் சத்தம் வரும். நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில் சிரிப்பது கூரை மேல் மழை கொட்டுவது மாதிரி இருக்கும். அப்புறம் சட்டென்று அடங்கிவிடும். யாரோ ஒருவர் தனியாகப் பேசுவது மட்டும் லேசாகக் கேட்கும். திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் பின் சீட்டில் வசனத்தைச் சொல்லிச் சொல்லி மறுபடியும் சிரிப்பார்கள். வார்த்தைகள் எனக்குப் புரியும். அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது புரியாது. இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சுவருக்கு வெளியே நின்றிருக்கிறேன். இந்த வகுப்பின் அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்த அன்றே பணம் கட்டிவிட்டேன்.

பாடம் நடத்துபவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரபுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரை உஸ்தாத் என்போம். இன்னொருவர் மேடையில் நடிக்கும் இளம்பெண். அவருடைய அப்பா பண்ருட்டிப் பக்கம் கூத்து ஆடியவராம். உஸ்தாத் வரலாறு சொல்வார். அந்தப் பெண் நாடகப் பகுதிகளை எங்களையே வாசிக்க வைத்து, எழுந்து நிற்க வைத்து, நடக்க வைப்பார். இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் இந்த வகுப்பின் பலம். ஒன்று மட்டும் இருந்திருந்தால் மூன்றாவது வாரத்தோடு நான் நின்றிருப்பேன்.

முதல் ஞாயிறு ஐரோப்பாவின் பேச்சே வரவில்லை. அரபு மக்களுக்கு நாடகமே கிடையாது, வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியதுதான் என்று பல பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி உஸ்தாத் கதைசொல்லியில் ஆரம்பித்தார். ஹகவாத்தி என்று பெயர். டமாஸ்கஸில் உமையா பள்ளிவாசலுக்குப் பின்னால் நவ்ஃபரா என்று ஒரு காபிக்கடை. அங்கே ராத்திரியில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அந்தர் என்ற வீரனின் கதையும் சுல்தான் பைபர்ஸ் கதையும் சொல்வார்கள். கதாநாயகன் சிறையில் மாட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மிச்சம் நாளைக்கு என்று எழுந்துவிடுவார். கேட்டவர்கள் தூங்க முடியாமல் நடுராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, இப்போதே அந்தரை வெளியே விடு என்று சண்டை போட்டதாகச் சொல்வார்கள். எகிப்தில் பனூ ஹிலால் என்ற குலத்தின் கதையை ரபாபா என்ற நரம்பு வாத்தியம் வாசித்துக்கொண்டு விடிய விடியப் பாடினார்கள். மொராக்கோவில் சந்தைத் திடலில் கூட்டம் வட்டமாக நிற்க, நடுவில் ஒருவர் கதை நடத்துவார். அந்த வட்டத்துக்கு ஹல்கா என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் உஸ்தாத். ஆறாவது வாரம்தான் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரிந்தது.

நிழற்கூத்தும் அங்கே இருந்திருக்கிறது, நம்முடைய தோல்பாவைக்கூத்து மாதிரி. 13-ஆம் நூற்றாண்டில் மோசுலிலிருந்து கெய்ரோவுக்கு வந்த இப்னு தானியால் என்ற கண் வைத்தியர் எழுதிய மூன்று நிழல் நாடகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. தெருவில் திரியும் பாம்பாட்டி, போலி மருந்து விற்பவன், பிச்சைக்காரன் எல்லோரும் அதில் வருகிறார்கள். சுல்தான் பைபர்ஸ் மதுக்கடைகளை மூடியதைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. ஆட்சியில் என்ன நடக்கிறது என்பது அப்போதே திரைக்குப் பின்னாலிருந்து பேசப்பட்டிருக்கிறது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றி எழுதிய நூலை 10-ஆம் நூற்றாண்டில் மத்தா இப்னு யூனுஸ் அரபுக்குக் கொண்டுவந்தபோது, துன்பியலைப் புகழ்ப்பாட்டு என்றும் இன்பியலை வசைப்பாட்டு என்றும் பெயர்த்தாராம். கிரேக்க மேடையைப் பார்த்திராதவர், தன்னிடம் இருந்த கவிதை வகைகளை வைத்து அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது ஞாயிறு பெய்ரூத். மாரூன் அந்நக்காஷ் ஒரு வியாபாரி. தொழில் விஷயமாக இத்தாலி போனவர் அங்கே நாடகம் பார்த்தார். ஊர் திரும்பி, 1847 முடிந்து 1848 பிறக்கிற சமயத்தில், தன் சொந்த வீட்டிலேயே நண்பர்களையும் குடும்பத்தாரையும் வைத்து ஒரு நாடகம் போட்டார். கருமியைப் பற்றியது, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரை மனதில் வைத்து எழுதியது. பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். நிறையப் பாட்டு. ஆரம்பிக்கும்முன் அவர் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார்: இது ஐரோப்பியத் தங்கம், நான் அதை அரபு அச்சில் வார்த்திருக்கிறேன் என்கிற பொருளில். 1850-ல் அவருடைய அடுத்த நாடகத்தைப் பார்த்த டேவிட் அர்குஹார்ட் என்ற பிரிட்டிஷ் பயணி எழுதிவைத்த குறிப்பை உஸ்தாத் வாசித்துக் காட்டினார். மேடையின் முன்னால் வரிசையாக விளக்குகள், வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு ஒரு கூண்டு. இரண்டுமே அங்கே தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் பார்த்ததால், அவை இல்லாமல் நாடகம் ஆகாது என்று நினைத்து வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டபோது நாங்கள் உட்கார்ந்திருந்ததும் ஒரு வீட்டுக் கூடத்தில்தான். மெட்ராஸ் தளம், மரத் தூண், ஜன்னலுக்குக் கீழே தேநீர் ஆற்றும் சத்தம். 170 வருடத்துக்கு முன்னால் பெய்ரூத்திலும் இப்படித்தான் ஒரு கூடத்தில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நக்காஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அரங்கும் கட்டினார். 1855-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அரங்கு தேவாலயமாகிவிட்டது.

அப்புறம் வந்தவர்களுக்கும் அதே மாதிரி கதவு மூடியது. கெய்ரோவில் யஃகூப் ஸன்னூ என்ற யூதர் 1870-ல் பேச்சு மொழியில் நாடகம் போட ஆரம்பித்தார். எகிப்தை ஆண்ட கதீவ் இஸ்மாயில் அவரை எகிப்தின் மோலியர் என்று பாராட்டினார். பல மனைவிகள் கட்டுவதைக் கேலி செய்து ஒரு நாடகம் போட்டதும் அந்தப் பாராட்டு நின்றுபோனது. 1872-ல் அரங்கு மூடப்பட்டது. பிறகு அவர் பாரிஸுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கிருந்து கேலிப் பத்திரிகை நடத்தினார். டமாஸ்கஸில் அபூ கலீல் அல்கப்பானி பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகங்களைக் கொண்டுவந்தார். ஆளுநர் மித்ஹத் பாஷாவின் ஆதரவு இருந்தவரை சரி. அவர் போனதும் ஷேக்குகள் இஸ்தான்புல் வரை போய் சுல்தானிடம் முறையிட்டார்கள். நாடகம் தடை செய்யப்பட்டது. கப்பானி 1884-ல் குழுவோடு எகிப்துக்குக் கிளம்பிவிட்டார். லெபனான், சிரியாக்காரர்கள் இப்படி வந்து சேர்ந்ததால்தான் கெய்ரோவும் அலெக்சாந்திரியாவும் அரபு நாடகத்தின் தலைநகரங்கள் ஆயின.

இந்த இடத்தில் உஸ்தாத் சங்கரதாஸ் சுவாமிகளைக் கொண்டுவந்தார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சுவாமிகள் 1922-ல் இதே புதுச்சேரியில்தான் காலமானார், நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவருடைய பாய்ஸ் கம்பெனிப் பையன்களும் பெண் வேடம் கட்டினார்கள். பாட்டுக்காகவே ஜனங்கள் நாடகத்துக்கு வந்தார்கள். அதே காலத்தில் கெய்ரோவில் ஸலாமா ஹிஜாஸியின் பாட்டுக்காகக் கூட்டம் முண்டியடித்தது. ஸய்யித் தர்வீஷ் 1923-ல் முப்பத்தொரு வயதில் போய்ச்சேர்வதற்குள் மேடைக்கென்று எத்தனையோ பாட்டுகள் அமைத்துவிட்டார். நஜீப் ரைஹானி கிஷ்கிஷ் பெய் என்ற நாட்டுப்புறப் பணக்காரனாக வந்து ஊரைச் சிரிக்க வைத்தார். முனீரா அல்மஹ்திய்யா மேடையேறிய முதல் எகிப்திய முஸ்லிம் பெண் என்று பெயர் வாங்கினார். இந்தப் பகுதி முழுவதும் ஒரே ஞாயிற்றில் ஓடிவிட்டது. பாட்டுகளை இன்னும் கொஞ்சம் போட்டுக் காட்டியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை.

நான்காவது ஞாயிறு என் சொந்த ஞாயிறு என்றே சொல்வேன். எகிப்திய நாடகாசிரியர் தவ்ஃபீக் அல்ஹகீம் 1933-ல் வெளியிட்ட அஹ்லுல் கஹ்ஃப், குகைவாசிகள். வெள்ளிக்கிழமைதோறும் குர்ஆனில் கஹ்ஃப் (குகை) சூரா ஓதுகிறவன் நான். குகையில் தூங்கி முந்நூறு வருடம் கழித்து எழுந்தவர்கள், கூடவே படுத்திருந்த நாய், ஊருக்குள் ரொட்டி வாங்கக் கொடுத்தனுப்பிய வெள்ளிக்காசு, எல்லாம் சின்ன வயதிலேயே ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தது. அல்ஹகீம் அங்கிருந்து ஆரம்பித்து, எழுந்த பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கிறார். ஒருவன் மனைவியையும் மகனையும் தேடி, மகனுக்குப் பரிசும் வாங்கிக்கொண்டு போகிறான். வீடே இல்லை. மகன் கிழவனாகி இறந்து பல தலைமுறை ஆகிவிட்டது. இன்னொருவன் தான் விரும்பிய இளவரசியின் சாயலில் இருக்கும் வேறொரு பெண்ணைப் பார்த்துத் தடுமாறுகிறான். ஒவ்வொருவராகக் குகைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மகனைத் தேடிப் போகிறவனின் வசனத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். "பாய், வேகம் வேண்டாம். அந்தப் பரிசு கையில் இருக்கிற மாதிரி பிடிச்சிட்டு வாசிங்க" என்றார் அந்தப் பெண். கையை மடக்கிப் பிடித்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. 1990-ல் நான் அம்மானில் இறங்கியபோது பையில் குவைத் தினார் நோட்டுகள் இருந்தன. மூன்று வருடச் சேமிப்பில் மிச்சம். நான் போய்க் கேட்ட இடத்தில் யாரும் மாற்றித் தரவில்லை. போர் முடிந்ததும் குவைத் புது நோட்டு அடித்துவிட்டது. 2011-ல் கடைசியாக ஊர் வந்தபோது என் மகன் எனக்கு சலாம் சொன்ன விதமே விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி இருந்தது. அதெல்லாம் ஒன்றாக வந்து தொண்டையில் நின்றது. உஸ்தாத் தண்ணீர் கொடுத்து, "உட்காருங்க தம்பி, அவசரம் இல்லை" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த பதின்மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகு முழுவதையும் வாசித்து முடித்தேன். கெய்ரோவில் தேசிய நாடகக் குழு 1935-ல் இந்த நாடகத்தோடுதான் திறப்பு விழா நடத்தியது. மேடையில் அது எடுபடவில்லை, படிப்பதற்குத்தான் சரி என்றார்களாம். அல்ஹகீமே தன் நாடகங்களை மனதுக்குள் நடக்கும் நாடகம் என்றிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுந்து நின்று வாசித்தால் அது நடக்கிறது.

அதே நாளில் மொழிச் சிக்கலையும் எடுத்தார்கள். அரபில் எழுத்து மொழி ஒன்று, வாய் மொழி வேறு. நம் செந்தமிழுக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். நான் ஓதுகிற பள்ளியில் ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள் போட்டு எழுத்துக்கூட்டி ஓதக் கற்றவன். பொருள் தெரியாது. குவைத்தில் வாய் வழியாகக் கற்றது வேறு அரபு. அங்கே ஷ்லோனக் என்றால்தான் எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். புத்தகத்தில் கைஃப ஹாலுக். என்னிடம் இருந்த இந்த இரண்டு அரபும் நாற்பது வருடமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. நாடகக்காரர்களுக்கும் இதே தலைவலி. அரசனும் வேலைக்காரனும் ஒரே புத்தக மொழியில் பேசினால் யார் நம்புவார்கள்? பேச்சு மொழியில் எழுதினால் கெய்ரோக்காரன் பேசுவது மொராக்கோக்காரனுக்குப் புரியாது. 1956-ல் அல்ஹகீம் ஒரு வழி கண்டுபிடித்தார். அச்சில் ஜபர் ஜேர் போடுவதில்லை அல்லவா? அதை வைத்துக்கொண்டு, புத்தக மொழியாகவும் வாசிக்கலாம், கிராமத்துப் பேச்சாகவும் உச்சரிக்கலாம் என்கிற மாதிரி ஒரே வரியை எழுதினார். மூன்றாவது மொழி என்று அதற்குப் பெயர். உஸ்தாத் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினார். அந்தக் கரும்பலகையைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் எகிப்திய எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ். 1964-ல் கெய்ரோவில் மேடையேறிய ஃபராஃபீர். நமக்குச் சொந்த நாடகம் இல்லை என்று யார் சொன்னது, கிராமத்தில் ராத்திரி கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் கட்டுகிறோமே, அதுதான் நம் நாடகம் என்று கட்டுரை எழுதிவிட்டு, அதன்படியே எழுதிய நாடகம் இது. ஒரு எஜமான், ஃபர்ஃபூர் என்ற ஒரு வேலைக்காரன். ஃபர்ஃபூர் துள்ளுகிறான், குறுக்குக் கேள்வி கேட்கிறான், பார்ப்பவர்களோடு பேசுகிறான். கூத்துக்காரர் மகள் எழுந்து, இது எங்கள் கட்டியங்காரன் என்றார். கட்டியங்காரன் ராஜாவைப் பார்த்து யாரய்யா நீ, எந்த ஊர் என்று கேட்பதையும், ஃபர்ஃபூர் எஜமானிடம் நீ ஏன் எஜமான், நான் ஏன் வேலைக்காரன் என்று கேட்பதையும் ஒன்றன் பின் ஒன்றாக நடித்துக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசிக் காட்சியில் இருவரும் செத்து அணுக்களாகிவிடுகிறார்கள். அங்கேயும் ஃபர்ஃபூர்தான் எஜமானைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருக்கிறது. அவன் கத்துகிற இடத்தில் எங்கள் சிரிப்பு நின்றுபோனது. குவைத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பும் இப்படித்தான் சட்டென்று அடங்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். உஸ்தாத் காதில் அது விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் மடிக்கணினியில் ஒரு குவைத் நாடகப் பதிவோடு வந்தார். 1981-ல் போட்ட பை பை லண்டன். கதாநாயகன் அப்துல் ஹுசைன் அப்துர் ரிளா. கையில் எண்ணெய்க் காசு புரள, லண்டனுக்கு உல்லாசம் தேடிப் போகும் வளைகுடாக்காரர்களின் கதை. நாங்கள் பத்து நிமிடம் பார்த்தோம். இருபது வருடம் கழித்து எனக்கு அந்தச் சிரிப்பு உள்ளேயிருந்து கேட்டது. அவர் யாரையும் வெளியே வைத்துக் கேலி செய்யவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களையே, அவர்களுடைய பேச்சிலேயே, அவர்களுடைய பெருமையையே எடுத்து அவர்கள் முன்னால் வைக்கிறார். அவர்களும் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். நான் வேலை பார்த்த வீட்டுப் பெரியவர் வருடத்தில் ஒரு ராத்திரி காசு கொடுத்து அதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அப்துல் ஹுசைன் 2017-ல் இறந்தார். சால்மியாவில் ஓர் அரங்கு இன்று அவர் பெயரில் இருக்கிறது.

ஆனால் குவைத்துக்கு ஒதுக்கியது மொத்தமே அரை மணி நேரம். என் பெரிய குறை இதுதான். 1961-ல் எகிப்திலிருந்து வந்த ஸக்கி துலைமாத் அங்கே அரபு நாடகக் குழுவைத் தொடங்கினார், அடுத்த வருடமே இரண்டு குவைத் பெண்கள் மேடை ஏறினார்கள் என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று இந்த மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் வளைகுடாவில் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறோம். எங்களுக்குப் பக்கத்தில் நடந்த நாடகம் எங்களுக்குக் கூடுதலாக வேண்டும். இதை உஸ்தாதிடம் நேராகவே சொன்னேன்.

அந்த ஆறாவது ஞாயிற்றின் மிச்சம் அல்ஜீரியா. ஹல்காவை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அப்துல் காதிர் அல்லூலா, ஓரான் நகரத்துக்காரர். 1970-களின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தம் பற்றிய நாடகம் ஒன்றை மேடைப் பொருட்களோடு லாரியில் கிராமங்களுக்கு எடுத்துப் போனார்கள். திறந்த வெளியில் ஆடும்போது விவசாயிகள் மேடைக்கு எதிரே உட்காராமல் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வைத்த தட்டி பாதிப் பேருக்கு மறைத்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பொருளாக எடுத்துவிட்டுக் கடைசியில் வெறும் தரையில் ஆடினார்கள். அதிலும் சில பேர் நடிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். காதால் இன்னும் நன்றாகக் கேட்க. நாடகம் முடிந்து பேசும்போது பார்த்தால், முழு வசனமும் அவர்களுக்கு நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அல்லூலா கண்ணுக்குக் காட்டுவதைக் குறைத்து, கவ்வால் என்ற சந்தைக் கதைசொல்லியை நடுவில் நிறுத்தி, காதுக்கு எழுத ஆரம்பித்தார். நக்காஷ் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த விளக்கும் கூண்டும் ஒரு வழியாக வெளியே போய், பழைய வட்டம் திரும்பி வர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டவர்களைப் பற்றிச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நானும் கேட்டவன்தான்.

அல்லூலாவை 1994 மார்ச் 10 அன்று, ரமலான் மாதத்தில், ஓரானில் சுட்டார்கள். நான்கு நாள் கழித்துப் பாரிஸ் மருத்துவமனையில் உயிர் போனது. அடுத்த வருடம் பிப்ரவரியில் அல்ஜீரியத் தேசிய அரங்குக்கு வெளியே இஸ்ஸுத்தீன் மஜ்தூபி கொல்லப்பட்டார். நாடகம் ஆடியதற்காக உயிரைக் கொடுக்கிற நிலை எங்கள் கூடத்தில் இருந்த காலேஜ் பிள்ளைகளுக்கு நம்பவே முடியவில்லை. உஸ்தாத் இருவருக்காகவும் எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார்.

கடைசி இரண்டு வாரமும் சிரியாவின் ஸஅதுல்லா வன்னூஸ். 1967 போரில் இஸ்ரேலிடம் தோற்ற பிறகு, பார்வையாளர்களுக்கு நடுவே நடிகர்களை உட்கார வைத்து, யார் தோற்றது, ஏன் தோற்றோம் என்று கூட்டத்தையே பேச வைத்தவர். நாங்கள் முழுதாக வாசித்தது அவருடைய மம்லூக் ஜாபிர் நாடகம். ஒரு காபிக்கடை. ஹகவாத்தி முஅனிஸ் மாமா வருகிறார். எல்லோரும் பைபர்ஸ் கதை கேட்கிறார்கள், ஜெயித்த கதை. இப்போது அதற்கு முறை வரவில்லை என்று சொல்லி அவர் வேறு கதையை எடுக்கிறார். பாக்தாதில் கலீஃபாவுக்கும் அவருடைய மந்திரியான வஸீருக்கும் பகை. வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் சோதிக்கிறார்கள். எதிரி அரசனுக்கு வஸீர் ரகசியக் கடிதம் அனுப்ப வேண்டும். ஜாபிர் என்ற அடிமை, என் தலையை மழித்து அதில் எழுதுங்கள், முடி வளர்ந்ததும் போகிறேன் என்கிறான். பதவியும் விரும்பிய பெண்ணும் கிடைக்கும் என்று கனவு. போய்ச் சேர்கிறான். மறுபடி மழித்துக் கடிதத்தைப் படிக்கிறார்கள். கடைசி வரி, ரகசியம் காக்க இதைக் கொண்டுவருபவனைக் கொன்றுவிடவும். படை பாக்தாதுக்குள் நுழைகிறது.

நடுவே பாக்தாத் ஜனங்கள் ரொட்டிக்கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: நம் அம்மாவை யார் கட்டிக்கிட்டாலும் அவரைச் சித்தப்பா என்போம். உஸ்தாத் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா, ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்றார். கூடம் முழுக்க "அதேதான், அதேதான்" என்ற சத்தம். அதையே வசனமாக வைத்து ஆடினோம். நான் காபிக்கடையில் பைபர்ஸ் கதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கிழவர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, யார் நடிகர், யார் பார்ப்பவர் என்று தெரியாதபடி உட்கார்ந்தோம். கீழே தேநீர்க் கடையில் வேலை செய்யும் பையன் டம்ளர் எடுக்க வந்தவன் கதை முடியும் வரை படியில் நின்றுவிட்டான். அவனைக் கூப்பிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

வன்னூஸ் புற்றுநோயோடு போராடிக்கொண்டே எழுதியவர். 1996-ல் உலக நாடக நாளுக்கான செய்தியை எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்குப் பசித்திருக்கிறார்கள் என்று எழுதினார். நாம் நம்பிக்கை கொள்ளும்படி விதிக்கப்பட்டவர்கள் என்றும் எழுதினார். அடுத்த வருடம் மே மாதம் இறந்துபோனார்.

சரி, சேர நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயங்கள். படிக்கட்டு செங்குத்து, பிடிக்கக் கம்பி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை கீழேதான். 10 மணி என்றால் 10.20-க்குத்தான் ஆரம்பிக்கிறார்கள், கடலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அடித்துப் பிடித்து ஓடி வரத் தேவையில்லை. நாடகப் பகுதிகளின் தமிழ் நகல் மங்கலாக இருக்கிறது, ஒரே பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வகுப்பு தவறினால் பணமும் திரும்பாது, அந்தப் பாடமும் திரும்ப நடக்காது. பாலஸ்தீனத்தையும், நக்காஷுக்குப் பிந்தைய லெபனானையும் பெயர் சொல்லித் தாண்டிவிட்டார்கள். ஜெருசலேமில் அல்ஹகவாத்தி என்ற பெயரிலேயே ஒரு குழு 1977-லிருந்து இயங்கியிருக்கும்போது அதற்கு ஒரு ஞாயிறு கொடுத்திருக்க வேண்டும். அரபு தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், எங்களில் பத்துப் பேருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. கூத்து, நாடகம் பழகும் பிள்ளைகள், மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், இந்த மூன்று பேரும் அவசியம் போக வேண்டும். 2,000 ரூபாய் இதற்கு அதிகம் இல்லை.

அடுத்த முறை எட்டு வாரத்தை ஒன்பதாக்கி, ஒரு ஞாயிறு முழுவதும் குவைத்துக்குத் தருவதாக உஸ்தாத் சொல்லியிருக்கிறார். நான் ஊர் திரும்பும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்களுடைய பழைய வீடியோ கேசட்டுகள் நாலைந்தை என் பெட்டியில் போட்டுவிட்டிருந்தார்கள். பெருநாள் நாடகங்கள். இத்தனை வருடமாகப் பரண் மேல் கிடந்தன, இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் சுத்தம் செய்து மாற்றித் தர முடியும் என்கிறார். வியாழக்கிழமை போய் வாங்க வேண்டும்.